அம்மை வீட்டில் வெடித்த கடுகு

அண்ணி,

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டு அடுப்படியில் கடுகு வெடித்தது. கூடத்தில் பேரன் சின்னம்மை போட்டுப் படுத்திருந்தான். தலைக்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்திருந்தோம். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாதென்பதை மருமகள் மறந்துவிட்டாள். சின்னப் பெண், ஏதோ ஞாபகத்தில் ரசத்துக்குத் தாளித்துக் கொட்டிவிட்டாள். அந்த வாசனை ஏறியதும் எனக்கு உங்கள் முகம்தான் வந்தது.

நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி தங்கவயலிலிருந்து கார்டில் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உங்களுக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் ஞாபகம் கோணல் இல்லை. என் கல்யாணப் பந்தியில் என் அம்மாவை இரண்டு முறை எழுப்பிவிட்டவள் யார், தாலியறுத்து வந்த அன்று என்னைப் பார்த்துக் கதவைச் சாத்தியவள் யார், எல்லாரும் எனக்கு வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தியையும் நான் மன்னித்ததில்லை. அந்த வரிசையில் என்னை மட்டும் நிறுத்தாமல் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

பெங்களூர் அல்சூர் வீட்டில் அண்ணனுக்கு அம்மை போட்டிருந்த சமயம். அம்மா கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போயிருந்தாள். நீங்கள் தெருக்குழாயில் குடத்தோடு நின்றிருந்தீர்கள். "வாயெல்லாம் சப்புனு கிடக்கு பாப்பா. ரெண்டே ரெண்டு கடுகு பொரிச்சு ரசத்துல போடேன், புண்ணியமாப் போவும்" என்று அண்ணன் கெஞ்சினார். பத்து நாளாக உப்பில்லாத கஞ்சி குடித்த மனிதர். நான்தான் தாளித்தேன். அம்மா திரும்பி வரும் சத்தம் கேட்டதும் கரண்டியை எண்ணெயோடு அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். நீங்கள் குடத்தை இறக்கி வைக்கவும் அம்மா உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"யாருடி தாளிச்சது?"

"நான்தாம்மா கேட்டேன்" என்றார் அண்ணன். கேட்டது அவர் என்றால் செய்தது பெண்டாட்டி என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அது வெறும் திட்டோடு போயிற்று.

மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாகி, அண்ணன் பிளாக்பள்ளி தையல் கடைக்குப் போக ஆரம்பித்தார். சண்டைக் காலம், சோல்ஜர்களின் காக்கி நிஜார் மலை மாதிரி குவிந்திருந்ததாம். நாலாம் நாள், மிஷினை மிதிக்கக் கால் வரவில்லை என்று ஜட்காவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கிறது என்றார். விடிவதற்குள் இரண்டு காலும் போயின. மூத்திரமும் கட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட அந்தக் கன்னட டாக்டரை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் வெளியே பேசின் கழுவிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே நானும் அம்மாவும். "மேலேயிருந்து விழுந்தாரா? நாய் கடிச்சு வயித்துல ஊசி போட்டுக்கிட்டாரா? இருமல், க்ஷயம் ஏதாவது?" என்று அடுக்கிக்கொண்டே போனவர் குரலைத் தாழ்த்தி, "மேகநோய் உண்டா?" என்றார்.

"எம் புள்ளையப் பாத்தா அப்படித் தெரியுதாய்யா உனக்கு?" என்று அம்மா வெளியே போய்விட்டாள்.

அண்ணனுக்கு அம்மை இறங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்று நான் சொன்னேன். டாக்டர் சாவியால் அவர் உள்ளங்காலைக் கீறினார். கால் அசையவில்லை. குண்டூசியால் குத்திக்கொண்டே மேலே வந்தார். தொப்புளுக்கு வந்த பிறகுதான் அண்ணன் "ஸ்ஸ்" என்றார்.

"அதாம்மா. அம்மை இறங்கின பிறகு எங்கேயோ ஒருத்தருக்கு முதுகெலும்புக்குள்ள ஓடற நரம்பு வீங்கிப்போவுது. இவருக்கு ஏன் வந்துச்சு, மத்தவங்களுக்கு ஏன் வரலைன்னு எங்களுக்கே தெரியாது."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டேன். "கடுகு தாளிச்ச ரசம் குடிச்சா வருங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "ரசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. யார் மேலயும் தப்பில்ல. வீட்டுல போய்ச் சொல்லு."

நான் சொல்லவில்லை அண்ணி. வராந்தாவுக்கு வந்தேன். அம்மா உங்களைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தாள். "அம்மை வீட்டுல கடுகு பொரிச்சவளே, ஆத்தா கோபம் எம் புள்ள கால்ல இறங்கிடுச்சேடி!" என்னைப் பார்த்ததும், "நீயே சொல்லு, அன்னைக்கு வாசனை வந்துச்சா இல்லியா?" என்றாள்.

"வந்துச்சும்மா" என்றேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. வாயைத் திறந்து சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள் நான். பழி உங்கள் மேல் இருக்கும்வரை என் பாய்க்கு அந்த வீட்டில் இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அண்ணனும் ஒரு நாள் என் கையைப் பிடித்து, "அவளுக்காவது அப்பன் வீடு இருக்கு. உனக்குப் போக்கிடம் ஏது பாப்பா? சும்மா இரு" என்றார். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் அவரைப் புரட்டிப் போட்டதும், படுக்கைப் புண்ணைக் கழுவியதும், குழாய் வைத்து மூத்திரம் எடுத்ததும் நீங்கள். ஆனால் அடுப்படிக்குள் உங்களை அம்மா விடவில்லை. வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து நான் போட்டதைச் சாப்பிட்டீர்கள். அண்ணன் போன பதினாறாம் நாள் உங்கள் பெட்டி தெருவில் இருந்தது. போகும்போது என்னிடம் ஒரு துணிச்சுருளை நீட்டினீர்கள். உள்ளே தாளிப்புக் கரண்டி, பளபளவென்று.

"அன்னைக்கு அவசரத்துல எண்ணெயோட சொருகிட்டே பாப்பா. அத்தை கண்ணுல படறதுக்குள்ள எடுத்துத் தேச்சு வச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் உங்களை என் வரிசையில் நிறுத்தியிருப்பேன். பிழைத்திருப்பேன். நீங்கள் என் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு ஜட்காவில் ஏறிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை, பேரனைப் பார்க்க வந்திருந்த சம்பந்தியம்மாள் கூடத்தில் எழுந்து நின்று, பெற்ற மகளைப் பார்த்தே, "அம்மை வீட்டுல யாருடி தாளிச்சது?" என்று கத்தினாள். மருமகள் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான்" என்றேன். "வயசாயிடுச்சு, மறந்துட்டேன். தாளிச்சா ஒண்ணும் ஆவாது. டாக்டரே சொன்னார், உக்காருங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! என்னை யாரும் தெருவில் தள்ளவில்லை. உங்களுக்குத் தர வேண்டியதை வேறொருத்திக்குக் கொடுத்தேன், அதுவும் பொய்யாக.

மூன்றாம் தண்ணீரும் ஊற்றியாயிற்று. தினமும் காலையில் பேரனின் உள்ளங்காலை அந்தக் கரண்டிக் காம்பால் மெல்லக் கீறிப் பார்க்கிறேன். "கூசுது பாட்டி" என்று சிரித்துக் காலை இழுத்துக்கொள்கிறான். கரண்டியைத் துடைத்து மறுபடியும் உங்கள் துணியிலேயே சுற்றி வைக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அதில் நான் தாளித்ததில்லை.