ஹர்ஷவர்தன் சாருக்குத் தொறப்பா

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மூக்கண்டப்பள்ளிச் சேறு பூராவும் பிள்ளைகளின் பூட்ஸில் ஏறி நம் பள்ளிக்கூட வராண்டாவுக்கு. துடைக்கத் துடைக்க வந்தது. இடுப்பு போச்சு.

ஸ்டாஃப் ரூமில் புதுத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த புது பிரின்சிபால் மேடத்தின் வேலை. (இனி பி.மே. முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) தலைப்பு: ஊழியர்களிடம் எதிர்பார்ப்பது. என்னை மாதிரி ஆயா, வாட்ச்மேன் எல்லாரும் ஊழியராம். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

- அடிக்கக் கூடாது.
- திட்டக் கூடாது.
- காலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி வணக்கம்.
- பட்டப்பெயர் கூடாது.
- தகராறு வந்தால் தண்டனை இல்லை. வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

பட்டப்பெயர் சங்கதி எனக்கென்றே எழுதியது. கணக்கு சாருக்கு ‘மாசக்கடைசி’ என்று பெயர் வைத்தது நான்தான், மூஞ்சி எப்போதும் அப்படி. பத்தாவது ஹர்ஷவர்தன் ‘வண்டு’. அவன் அப்பாவுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி. மாங்கொட்டைக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்குமே, அந்த வண்டு.

வாட்ச்மேன் முனியப்பா: “இனி உன் வாய்க்குப் பூட்டுதான்க்கா.”

“சாவிய நீ தொலைச்சிடாத.”

ஜூலை 9, புதன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மாடியில் பையன்கள் கக்கூஸ். ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம். சிரிப்பு. முதலில் தமிழில் திட்டினேன், பிறகு தெலுங்கில், பிறகு கன்னடத்தில். ஓசூரில் இருக்கிற பாஷை எல்லாம் தீர்ந்தது. அதற்குள் ஆசிட் புகை தொண்டையைப் பிடித்துவிட்டது. கெஞ்சினேன்.

“சாமீ, தொறப்பா. மூச்சு முட்டுது. தொறப்பா.”

மேலே ஜன்னல் சந்தில் ஒரு போன். பின்னால் வண்டின் முகம்.

முனியப்பாதான் வந்து திறந்தான். கண் இன்னும் எரிகிறது.

ஜூலை 11, வெள்ளி

வெயில். பள்ளிக்கூடம் பூராவும் என் வீடியோ. தப்பட்டைச் சத்தம் சேர்த்து, என் இருமலுக்குத் தாளம் போட்டு, நல்ல வேலைப்பாடு. மகன் வேலை செய்யும் கம்பெனி கேன்டீன் வரைக்கும் போயிருக்கிறது. ராத்திரிச் சோற்றுத் தட்டு முன்னால் கேட்டான்.

“அம்மா, இது நீயா?”

“இல்லடா, என்னை மாதிரியே ஒரு நடிகை.”

சிரிக்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான்.

நான் பக்கெட் தூக்கிக்கொண்டு போனால் பின்னாலிருந்து “சாமீ, தொறப்பா”. ஆறாங்கிளாஸ் பொடிசு கூட. திரும்பிப் பார்த்து நானும் சிரித்து வைத்தேன். இத்தனை வருஷமாக நான் மற்றவர்களைச் சிரிக்க வைத்தேன். இப்போது என் கெஞ்சலே இவர்களுக்குச் சிரிப்பு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தத் ‘தொறப்பா’ இவர்கள் வாயில் என் பேரில் இருக்கக் கூடாது.

ஜூலை 14, திங்கள்

இன்று வட்டம். லைப்ரரியில். நாற்காலி போட்டார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் துடைக்காத நாற்காலி கிடையாது, உட்கார்ந்தது இன்றுதான். முதுகுக்கு நன்றாக இருக்கிறது.

பி.மே., மாசக்கடைசி, வண்டு, அவன் அப்பா, அம்மா, நான். நடுவில் ஒரு மஞ்சள் பந்து. பந்து யார் கையிலோ அவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. நல்ல சட்டம். பந்து ரொம்ப நேரம் அவர்கள் பக்கமே சுற்றியது.

வண்டு: “ஜோக்குக்குதான் மேம் பண்ணேன்.”

அவன் அம்மா: “ஆறாவதுல இருந்து எம்புள்ளைய வண்டு வண்டுன்னு கூப்பிடுறாங்க மேடம். வீட்ல வந்து எவ்ளோ அழுதிருக்கான் தெரியுமா?”

பி.மே. தலையாட்டினார். ரெண்டு பக்கமும் காயம் இருக்கிறதாம். என் பக்கம் பந்து வந்தது.

“மாதம்மாக்கா, என்ன செஞ்சா உங்களுக்குச் சரியாகும்? மனசுல இருக்கறத சொல்லுங்க.”

“ஒரே ஒரு நாள் தம்பி என்கூட கக்கூஸ் கழுவட்டும் மேடம். கதவு தொறந்தே இருக்கும். நான் வெளிய காவல் நிக்கிறன்.”

பந்து இல்லாமலே அப்பா பேசினார். “ஏம்மா, அவன் சாப்ட்ட தட்டையே அவன் கழுவுனதில்ல. கக்கூஸா?”

பி.மே.: “அது தண்டனை ஆயிடும்க்கா. நாம உறவைச் சரி பண்றோம்.”

சரி பண்ணினார்கள். வீடியோவை அழிப்பது. தினமும் காலையில் கேட்டில் அவன் எனக்கு வணக்கம். நான் அவனுக்கு மரியாதையாக, முழுப்பெயர் சொல்லி, பதில் வணக்கம். பி.மே. ஒரு வாரம் என்றார். அப்பாவுக்குப் பெரிய மனசு.

“வாரம் என்னா மேடம், முழுப் பரீட்சை வரைக்கும் சொல்லட்டும். எம்பையன் மரியாதை தெரிஞ்சவன்.”

எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்து. பந்தை இரண்டு பேரும் பிடித்தபடி ஒரு போட்டோ. எனக்கு இருமல் வந்தது. போட்டோக்காரர் சிரிங்க என்றார்.

ஜூலை 16, புதன்

வீடியோ அழிந்தது அவன் போனில் மட்டும். காலையில் வந்தான், “வணக்கம் ஆயா” என்று உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. “வணக்கம் தம்பி” என்றேன். பின்னால் அவன் கூட்டாளிகள் மெதுவாக “தொறப்பா”.

வீட்டில் குழம்பில் உப்பே போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

புத்தி வந்தது! பஸ் ஸ்டாண்டில் கட்சிக்காரன் மைக் பிடித்துத் தலைவரைக் கூப்பிட்டதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அப்படியே வந்துவிட்டது.

காலை. கேட்டில் நல்ல கூட்டம், பெற்றோர்கள், வேன்கள். அவன் வந்தான். ஸ்டூலை விட்டு எழுந்தேன். கையைத் தலைக்கு மேல் கூப்பினேன்.

“ர. ஹர்ஷவர்தன் சார் அவர்களே! வணக்கம்! வாங்க, வாங்க! முனியப்பா, சார் வர்றாரு, பெரிய கேட்டைத் தொறப்பா!”

வேன் போகிற பெரிய கேட். முனியப்பா படு சீரியஸாக இரண்டு கதவையும் விரித்துச் சல்யூட் அடித்தான். இந்தப் பயலுக்கு இவ்வளவு நடிப்பு வருமென்று தெரியாது. முன்னூறு பேர் இருக்கும், அப்படி ஒரு சிரிப்பு. வண்டின் காது சிவந்தது.

மதியம் நல்ல பசி. இரண்டு தடவை சோறு.

ஜூலை 22, செவ்வாய்

தினமும் நடக்கிறது. இப்போது நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவன் வகுப்புக்குள் போனால் பொடிசுகள் எழுந்து கும்பிட்டு, “சாருக்குத் தொறப்பா!” கேன்டீனில் தொறப்பா. கக்கூஸ் வாசலில் தொறப்பா. நேற்று அவன் தண்ணீர் பாட்டிலைத் திருகும்போது கூட.

என்னைப் பார்த்து ஒருவரும் சொல்வதில்லை. அந்தச் சொல் இடம் மாறிவிட்டது.

மகனிடம் சொன்னேன். சிரித்தான். தட்டைக் காலி பண்ணினான்.

ஜூலை 25, வெள்ளி

அவன் அம்மா வந்து பி.மே.யிடம் அழுதாராம். பி.மே. என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, அவனை ஏதாவது தப்பா பேசுறீங்களா?”

“ஐயோ மேடம், சார்னுதான் சொல்றன். முழுப்பேரு. வணக்கம். தாள்ல இருக்கறதுதானே?”

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாசக்கடைசி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அவன் சீக்கிரம் வந்துவிடப் பார்க்கிறான், கேட் வெறுமையாக இருக்கும்போது. அதனால் நான் அதற்கும் முந்தின பஸ்.

ஜூலை 30, புதன்

மறுபடியும் மழை. மாடிப்படிக்குக் கீழே மாப் பிழிந்துகொண்டிருந்தேன். தனியாக வந்து நின்றான். இளைத்துவிட்டான். டிபன் பாக்ஸ் கையில், திறக்காமலே.

“ஆயா...”

“சொல்லுங்க சார்.”

“பழைய மாதிரியே கூப்பிடுங்க ஆயா.”

“எந்த மாதிரிங்க சார்?”

தரையைப் பார்த்தான்.

“வண்டுன்னு.”

அழுதுவிட்டான். மூக்கு ஒழுகியது. பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. மாப்பைச் சுவரில் சாய்த்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, கும்பிட்டேன்.

“அது தப்பாச்சுங்களே சார். வட்டத்துல கையெழுத்து போட்டிருக்கிறன். உங்கப்பாவும் போட்டிருக்காரு. முழுப் பரீட்சை வரைக்கும்.”

நாளைக்கும் மழைதான் என்கிறார்கள். குடை எடுத்துப் போக வேண்டும். சார் நனையக் கூடாது.