என் தம்பி தோற்றுக் காட்டிய சோதனை

ஆகஸ்ட் 10
எங்கள் வீட்டில் யாரும் நாட்குறிப்பு எழுதியதில்லை. வீட்டின் முதல் பட்டதாரி நான் என்ற திமிரில் இதை எழுதவில்லை. வாயால் சொல்ல வராததை எங்காவது வைக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

தம்பி கோல்பி, பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக்; பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். இது அவனுக்குக் கடைசி வருடம். சீசனுக்கு முன்னால் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஞாபகச் சோதனை வைக்கிறார்கள். பிறகு தலையில் அடிபட்டால் அதையே மறுபடி வைத்து, மார்க் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

"வேணும்னே பாதியைத் தப்பா அடிச்சேன். இனி என்ன அடி வாங்கினாலும் அதே மார்க்குதான் வரும்," என்றான், சாப்பாட்டு மேசையில்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஸ்கூல்ல வேணும்னு பண்ணாமலே அதானேடா வாங்கின."

"பட்டதாரியம்மா முறைக்கிறாங்க, பாருங்க," என்றான் தம்பி.

நான் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தேன்.

செப்டம்பர் 14
ஜெயித்தார்கள். அப்பா லாரிக்கு டீசல் போடப் போன இடத்தில் கோல்பியின் அப்பா என்று யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்களாம். அப்பாவை ஒருவர் கட்டிப்பிடித்து நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 18
கோல்பி பந்தை எறிந்த பிறகும் அவனை இடித்துத் தள்ளினார்கள். தலையின் பின்பக்கம் தரையில் மோதியது. எழுந்து கையை உயர்த்தினான். ஸ்டேடியமே கத்தியது, அம்மாவும்தான். அப்புறம் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தான் — அடுத்து எப்படி ஆடுவது என்பதற்கான குறியீட்டு எண்கள் எழுதிய பட்டை. எப்போதும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு விடுகிறவன். இன்று படித்துக்கொண்டே நின்றான். அடுத்த பந்தைத் தொடங்க வேண்டிய நேரம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள். வேறு யாரும் கவனிக்கவில்லையா?

அக்டோபர் 22
சோதனையில் தேறிவிட்டான். தேறாமல் எப்படி.

நவம்பர் 2
அவன் அறையில் பகலிலும் திரை மூடியிருக்கிறது. வெளிச்சம் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லேன்டா."

"சொன்னா அடுத்தவன் ஆடுவான். அப்புறம் அவனேதான் ஆடுவான். சம்பளம் கொடுக்கிற பெரிய டீம்காரங்க ஆள் பார்க்க வர்றது இந்த மாசம்தான் அக்கா. விடு."

கேலியாகக்கூடச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நவம்பர் 22
கடைசி வருடப் பையன்களைப் பெற்றோரோடு மைதானத்துக்குள் நடக்கவிடும் நாள். அம்மா கையில் பூங்கொத்து. ஒலிபெருக்கியில் எங்கள் குடும்பப் பெயர் வந்ததும் அப்பா நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு பக்கவாட்டிலிருந்து ஒருவன் மோதினான். பெரிய அடிகூட இல்லை. கோல்பி எழுந்து, நேராக எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். பின்வரிசையில் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறாங்க? என்ன இருக்கு இதுல சிரிக்க?

ஜனவரி 9
பனி. வீட்டில்தான் இருக்கிறான். எந்த அணியும் கூப்பிடவில்லை. காலையில் அப்பாவிடம் சொன்ன கதையையே மதியமும் சொன்னான். அப்பா புதிதாகக் கேட்பதுபோல் கேட்டார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்.

மார்ச் 28
கனடாவில் ஓர் அணி, வந்து ஆடிக் காட்டச் சொல்லியிருக்கிறது. டாக்டரும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் ஒப்பிட்டது அந்த ஆகஸ்ட் மார்க்கோடுதானே.

பெட்டி கட்டினோம். "எந்த ஊருன்னு சொன்ன அக்கா?" என்றான். சொன்னேன். ஷூவை உள்ளே வைத்துவிட்டு மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். வாசலில் அப்பா லாரி எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டில் எனக்காக யாரிடமும் எதையும் நான் கேட்டதில்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போகாதேடா கோல்பி. ஆகஸ்ட்ல என்ன பண்ணினேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."