அம்மா ஏறும் உயரம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வழக்கம்போல 'பரவாயில்லை' என்று எழுதாதே, நான் நம்பமாட்டேன்.

நேற்று ஒரு பழைய கார் பார்க்கப் போனேன். என் அறையில் தங்கியிருக்கும் மெக்கானிக்கும் கூட வந்தான். அவன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது, நான் உன்னைப் போலவே வலது காலை மடக்காமல் முன்சீட்டில் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை.

"வண்டி வாங்க வந்தியா, தோப்புக்கரணம் போட வந்தியா?" என்றான். விற்கிறவர் எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

"இன்ஜின் தங்கம்டா, முடிச்சிரு" என்றான் மெக்கானிக்.

"சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கு. அம்மாவால எழுந்திருக்க முடியாது."

"அவங்க எப்ப வர்றாங்க?"

நீதான் இன்னும் தேதியே எழுதவில்லையே. வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழியெல்லாம் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தான்.

நீ சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுந்திருக்கும் கட்டில் தரையிலிருந்து எத்தனை சாண் உயரம் என்று அளந்து எழுது. அடுத்த வாரம் வேறு வண்டி பார்க்கப் போகிறோம். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; இதோ, பஸ் வந்துவிட்டது. சாண் கணக்கை எழுதும்போது நீ வரும் தேதியையும் சேர்த்தே எழுதிவிடேன்.

உன் மகன்