இளவரசி அக்கா

அக்கா, நூரா அனுப்பிய பொதி நேற்று வந்தது. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே கிழித்தேன். உள்ளே உங்கள் கறுப்புச் சால்வை. பிரித்ததும் அகில் வாசம் மெல்பேர்ன் நோபிள் பார்க்கில் என் வீட்டுக் குசினி முழுக்கப் பரவியது. அம்மா போய் நாற்பது நாளாகிவிட்டது, இதை உங்களிடம் சேர்க்கச் சொன்னார் என்று உங்கள் மகள் ஒரு கடதாசித் துண்டில் எழுதியிருந்தாள். கதிரையில் உட்கார்ந்து ஆற அமர அழுதேன். அழுது முடிந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் நான் தாதி. போலியோவில் கால் சூம்பிப்போன எட்டு வயது நூராவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பாலைவன நாடொன்றின் அரசர் வீட்டுப் பெண். சிறிய தகப்பனாரின் மகனுக்கே வாழ்க்கைப்பட்டவர். இளவரசி வருகிறார் என்று நாங்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தோம். நீங்களோ வந்த அன்றே மகளின் காலுறையைக் குழாயடியில் அலசிக்கொண்டு நின்றீர்கள்.

உங்களுக்கும் எனக்கும் இடையில் ஓடியது அரைகுறை ஆங்கிலம். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கேட்கிறது, நான் என்ன செய்ய?

"இளவரசி எண்டு கூப்பிடாதேங்கோ. உம்மு சயீத் எண்டு சொல்லுங்கோ. சயீதின்ர அம்மா" என்றீர்கள். மூத்த மகனின் பெயரால் தாயை அழைப்பது உங்கள் ஊர் வழக்கமாம். ஐந்து வயது சயீத் அரண்மனையில் இருந்தான். எங்கள் பக்கத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். உடனே நான் யாருடைய அம்மா என்று கேட்டீர்கள்.

"நீ ஆற்ற அம்மா?"

"இன்னும் ஒருத்தரும் இல்லை, அக்கா."

பச்சைப் பொய். என் மகன் யாழ்ப்பாணத்தில் என் தமக்கையிடம் வளர்ந்துகொண்டிருந்தான். பிள்ளைக்காரிக்கு இங்கே வேலை கொடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, விண்ணப்பத்தில் பிள்ளை இல்லை என்று எழுதிவிட்டேன். நானும் கணவரும், ஒரு வருடத்தில் அவனைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து மூன்று வருடமாகியிருந்தது. எழுதிய பொய்யைக் காப்பாற்றுவதே எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது.

நீங்கள் அதை நம்பிவிட்டீர்கள். பாவம், ஐந்து வேளைத் தொழுகையிலும் எனக்கொரு பிள்ளை கேட்டீர்கள். நூராவின் இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்த நேரத்தில் உங்கள் கணவரிடமிருந்து தந்தி வந்தது. இந்த மாதமே திரும்பி வா. வராவிட்டால் வேறு கலியாணம் செய்வேன், சயீத் அந்த வீட்டில் வளர்வான். நூராவின் காலில் இன்னும் இரண்டு சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. உங்களுக்குக் காவலாக வந்து ஹோட்டலில் தங்கியிருந்த உங்கள் தம்பி, போகத்தான் வேண்டும் என்று நின்றார். "இவள் நடக்கட்டும், பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு, நூராவின் தலையை வாரத் தொடங்கினீர்கள். 

மறுநாள் என்னை மூலைக்குக் கூப்பிட்டு ஒரு சின்னப் போத்தலை நீட்டினீர்கள். மக்காவின் புனிதக் கிணற்றிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர். "மூண்டு மிடறு குடி. பிள்ளை வரும். என்ர வீடு உடைஞ்சாலும் உன்ர வீட்டில ஒண்டு பிறக்கட்டும்."

எப்படிக் குடிப்பேன்?  போத்தலைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நீங்கள் என்னை அணைப்பீர்கள் என்று நினைத்தேன். ஆனால் உங்களுக்குக் கோபம் வந்தது, சும்மா கோபமல்ல.

"உன்ர பாஸ்போர்ட் ஆற்ற கையில?"

"என்னட்டத்தான்."

"என்ரது தம்பியின்ர கையில. அவன் தந்தால்தான் நான் பிளேன் ஏறலாம். நீ நினைச்சா நாளைக்கே ஏறலாம். பிறகு இஞ்ச என்ன செய்யிறாய்?"

அன்று பின்னேரமே தலைமைத் தாதியான மேட்ரனிடம் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போனது என்றே நினைத்தேன். அந்த மனுசி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எத்தனை வயது என்று மட்டும் கேட்டு, மூன்று கிழமை லீவு தந்தார். டண்டினோங்கில் தொழிற்சாலை வேலையிலிருந்த என் கணவர், "இவ்வளவுதானோ? இதுக்கோ மூண்டு வருசம் பயந்தனாங்கள்?" என்று தலையில் கை வைத்தார்.

யாழ்ப்பாணம் போனபோது, மகன் என்னைக் கண்டதும் தமக்கையின் சேலைக்குப் பின்னால் ஒளித்தான். அவளைத்தான் அம்மா என்றான். அவனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகும் நான் அவனுக்கு அம்மா இல்லை, யாரோ ஒரு 'அவா'தான். "அவா சாப்பிட வரட்டாம்" என்று தகப்பனிடம் போய்ச் சொல்வான். ஒரு வருடம் அப்படியே போனது. ஒருநாள் முழங்காலில் அடிபட்டு ஓடிவந்தபோது, தன்னை மறந்து, அம்மா என்றான். மருந்தைக் கூட எடுக்காமல் நின்றேன்.

அதற்கு முன்பே நூரா இரும்புச் சப்பாத்தோடு நடந்து காட்டிவிட்டாள், நீங்கள் புறப்பட்டுவிட்டீர்கள். வாசலில் என் மகனின் கன்னத்தைக் கிள்ளி, அவன் பெயரைச் சொல்லி, அவனுடைய அம்மாவே என்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

பிறகு நூரா எழுதிய முதல் கடிதத்தில்தான் மிச்சம் தெரிந்தது. தந்தியில் சொன்னபடியே வேறு வீட்டில் வளர்ந்திருந்த சயீத் உங்களுக்கு முன்னால் நின்று, அம்மா என்று கூப்பிடாமல் விருந்தாளிகளுக்குச் சொல்லும் வார்த்தையைச் சொல்லி, விருந்தாளிகளுக்கு ஊற்றுவதைப் போலக் கோப்பி ஊற்றினானாம். நீங்கள் வாங்கிக் குடித்தீர்களாம். வளர்ந்த பிறகும் அவன் அந்த மரியாதையைவிட்டு இறங்கவில்லை என்று நூரா சொல்லியிருக்கிறாள். கடைசிவரைக்கும்.

என் மகன் இப்போது கிரான்பர்னில் இருக்கிறான். தலை நரைத்துவிட்டது. "அம்மா, பிரஷர் குளிசை போட்டனீங்களோ? அம்மா, கதவு பூட்டினனீங்களோ?" என்று தினமும் போனில் உயிரை வாங்குகிறான். வாயை மூடு என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. அவன் சொல்லும் ஒவ்வொரு அம்மாவிலும் பாதி உங்களுக்குரியது, அக்கா. இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொல்லாமல், இரண்டு பேருடையதையும் நானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.