கொசு தலை தூக்கிய காலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், நானும் சுகம், என் இடது முழங்கைக்கு மட்டும் கொஞ்சம் சுகமில்லை, அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ அம்மாவோடு போனில் பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னோடு பேசி ஒன்றரை வருஷமாகிறது. உன்மேல் தப்பில்லை. முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டப்போய் வண்டியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்து கிடந்த பெண்ணிடம், ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் காதில் விழ, "ஊர் சிரிக்கத்தான் பொறந்தியா" என்று கேட்டவன் நான். உன் வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டியவனும் நான்தான்.

போன மாதம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் அந்தச் சங்கிலியைக் கழற்றினேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நீ கொசு என்று பேர் வைத்த அந்த எண்பது சிசி வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய், முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்ட வருமா என்று கேட்டேன். "சார், மேடு ஏறவே இதுக்கு மூச்சு வாங்கும், சக்கரம் தூக்கணும்னா ஜாக்கிதான் வெக்கணும்" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பின்னால் தள்ளி உட்காரணும், முன்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கி, அது மேலே வருகிற நேரம் பார்த்துக் கிளட்சை விட்டு இழுக்கணும், வலது கால் பிரேக்கை விட்டு நகரவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிறு காலையில் நான் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கின் பின்முற்றத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. பனிக்கட்டி உருக்குவதற்காகக் குளிர் அறைக் கதவைத் திறந்து வைப்பேன், வெள்ளைப் புகை தரையோடு வழிந்து முற்றம் முழுக்கப் பரவும், சக்கரம் பாதி அதில் மறைந்துவிடும், மேகத்தின்மேல் ஓட்டுகிற மாதிரி இருக்கும். முதல் மூன்று ஞாயிறும் வண்டி இருமி இருமி நின்றதுதான் மிச்சம். ஹெல்மெட்டும் உன் பழைய முழங்கால் பட்டையும் மாட்டிக்கொண்டு அறுபது வயதில் நான் நின்ற கோலத்தைப் பார்த்துக் கூட வந்த அம்மாவுக்குச் சிரிப்பு. ஆனாலும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. சக்கரம் எழும்பினால் உங்களுக்கே தெரியாது, சாட்சி வேணும் என்று தரையோடு தரையாகக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

நேற்று, நாலாவது ஞாயிறு, எழும்பியது. இழுத்தேன், கையில் இருந்த கனம் காணாமல் போயிற்று. எஞ்சின் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. எதிரே சுவரும் இல்லை, முற்றமும் இல்லை, வெளுத்த வானம் மட்டும், அதில் நான்பாட்டுக்கு மிதந்தேன். தும்மி முடிக்கிற நேரம்கூட இருந்திருக்காது. அப்புறம் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஓடிவந்த அம்மா அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை, "ஒரு சாண், நல்லாப் பாத்தேன், ஒரு சாண் இருக்கும்" என்றாள். விழுந்த இடத்திலேயே படுத்துச் சிரித்தேன், அடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நீயும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாய், அதைத் திமிர் என்று நினைத்துவிட்டேன் பாப்பா. நினைத்ததும் தப்பு, பேசியதும் தப்பு.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, வீக்கம்தான், கவலைப்படாதே. அங்கே குளிர் அதிகம் என்று அம்மா சொன்னாள், வெளியே போகும்போது காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இரு. ஒன்று மட்டும் மெக்கானிக்குக்கும் தெரியவில்லை. சக்கரம் மேலே இருக்கும்போது கண் எங்கே இருக்கணும், வானத்திலா, ரோட்டிலா? மறக்காமல் சொல். அம்மா போனில் வேண்டாம், என் போனில் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா