ஆட்டுப் பல் வைத்த பேய்த் தலை

வர்ஸஸாத்,
ஹஜ் பெருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்

என் மகன் லஹ்சனுக்கு அம்மாவின் ஸலாம். லியோனில் நீ உடம்பு நலத்தோடு இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் என் துஆ. இங்கேயும் நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை இத்தோ எழுதுகிறாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் போன் உன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அவர் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. எதிர் வீட்டு முஹா நாளை உங்கள் பக்கம் பஸ் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஊரில் நடக்கிற படப்பிடிப்பில் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்ததை அப்பாவே சிரித்துக்கொண்டு உன்னிடம் சொல்லியிருப்பார். சிரிக்கிற விஷயமா அது? பிணங்கள் எழுந்து ஊரைத் தின்கிற படமாம், பிண வேஷத்தில் அறுபது பேரைச் சுவரில் ஏற்றிவிட்டார்கள், இவருக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு, மூன்று மாதம் எழுந்திருக்கக்கூடாது. “இருபது வருஷமா வாள் குத்து வாங்கிச் செத்தேன், ஒண்ணும் ஆகல, ஏற்கெனவே செத்தவனா நடிக்கப் போயி காலை உடைச்சுக்கிட்டேனே” என்கிறார்.

முன்பு சாயங்காலம் மட்டும் படம், இவர் படுத்தே கிடப்பதால் இப்போது நாள் முழுவதும் படம்தான். சந்தையில் விற்கிற படங்களை இத்தோ வாங்கி வருகிறாள். ஒன்றில் சிவப்புக் கிரகத்தில் ஒருவன் மூச்சு முட்டிச் சாகிறான், நான் அழுதுகொண்டிருக்கிறேன், உன் அப்பா “அடியே, அந்தப் பாறைக்குப் பின்னாடிதான் நான் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன், நல்லாப் பாரு, முஹா வீட்டு ஆட்டுக் கால்தடம்கூடத் தெரியுது” என்கிறார். பேய் வீட்டுப் படம் ஒன்று, உள்ளே நுழைகிற ஒருத்திகூட பிஸ்மில்லா சொல்லவில்லை, பிறகு பேய் பிடிக்காமல் என்ன செய்யும். இத்தோவுக்கு இதெல்லாம் கணக்கில்லை, அவள் பல்லைத்தான் பார்ப்பாள். “ஆளைக் கடிச்சுத் தின்ற பேய்க்கு இவ்வளவு வரிசையா, வெள்ளையா பல் இருக்குமா” என்று ஒருநாள் மெல்லச் சொன்னாள், அந்த வாரம் அவள் பேசியது அவ்வளவுதான். பள்ளியை விட்டதிலிருந்து அவள் காகிதத்தையும் மாவுப் பசையையும் வைத்து முகங்கள் செய்வது உனக்குத் தெரியும். இந்த வருஷம் முழுத் தலையே செய்தாள், மருதாணி பூசிய தோல், வாயில் போன பெருநாள் ஆட்டின் பற்கள். அலமாரியைத் திறந்த நான் அலறிவிட்டேன்.

அப்பா விழுந்த அன்றைக்கு நான் அந்தத் தலையைத் தூக்கித் தரையில் அடித்தேன். “வீட்டுக்குள்ள இதை வெச்சதாலதான் தரைக்குக் கீழ இருக்கிற ஜின்னுங்க கோபப்பட்டுட்டாங்க” என்று தெருவே கேட்கக் கத்தினேன். சாக்கில் கட்டி மாடியில் வைக்கோலுக்குள் போட்டுவிட்டேன். இத்தோ தரையில் சிதறிய பற்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் ஒன்றும் செய்வதில்லை.

செவ்வாய்க்கிழமை பஹீஜா என்கிற அம்மாள் வந்தாள். அந்தப் படத்தில் பிணங்களுக்கு முகம் செய்கிறவள். படப்பிடிப்பில் அப்பா காட்டிய தலையின் போட்டோவைப் பார்த்திருக்கிறாள். “இந்தப் பொண்ணை என்கூட வேலைக்கு அனுப்புங்க, அந்தத் தலையைக் கொஞ்சம் காட்டுங்க” என்றாள். தலை இல்லை, குப்பையில் போய்விட்டது என்று பொய் சொன்னேன். வரும் வியாழனுக்குள் பதில் வராவிட்டால் வேறு ஒருத்தியை எடுத்துக்கொள்வாளாம். அண்ணன்தான் சொல்ல வேண்டும் என்று உன் தலையில் போட்டுவிட்டேன். ஆகவே நீ முடிவு சொல்ல வேண்டும் மகனே.

இல்லை. இதற்கு முன்னால் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன், மேலே எழுதியதை அடித்துவிடாமல் தொடர்ந்து எழுது இத்தோ. அப்பா விழுந்ததற்கு முந்தின சாயங்காலம் கிணற்றுப் பேய்ப் படம் ஓடியது. பேயின் கை கிணற்று விளிம்புக்கு வந்துவிட்டது, நான் அடுப்படியில் இருந்தேன். அது என்ன ஆகிறது என்று பார்க்கிற அவசரத்தில், கூஸ்கூஸ் அவித்த பானையின் கொதிக்கிற தண்ணீரை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஓடினேன். பிஸ்மில்லா சொல்லவில்லை. கீழே இருக்கிறவர்கள் விலகட்டும் என்று நம் வீட்டில் சின்னக் குழந்தைகூடச் சொல்லாமல் வெந்நீர் ஊற்றாது. அவர்களைச் சுட்டது நான். பழியைப் போட்டது இவள் தலைமேல்.

இந்த இடத்தில் இத்தோவின் பேனா நின்றுவிட்டது, என்னையே பார்க்கிறாள். எழுது மகளே என்கிறேன்.

இனி நீ ஒன்றும் முடிவு சொல்ல வேண்டாம். இதை முடித்ததும் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், திட்டினால் திட்டட்டும். சாக்கை நானே இறக்குகிறேன், வியாழனுக்கு முன்னால் இவளை நானே அழைத்துப் போகிறேன். இவள் வாய் திறக்க மாட்டாள், அந்தத் தலை பேசிக்கொள்ளும்.

அல்லாஹ் உன்னைக் காக்கட்டும், உன் கையில் பரக்கத் தரட்டும். அங்கேயும் வெந்நீர் ஊற்றும்போது பிஸ்மில்லா சொல், அங்கே கீழே இருக்கிறவர்கள் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தாலும் சுடத்தான் செய்யும்.

உன் அம்மா ருக்கையா (கைநாட்டு)

அண்ணா, எழுதியது இத்தோ. அம்மா சாக்கை இறக்கிவிட்டாள். தாடை உடைந்திருக்கிறது, ஒட்டிவிடலாம். இரண்டு பல்தான் காணோம். பெருநாள் ஆடு நேற்றே வந்துவிட்டது, அதன் வாயைத் திறந்து பார்த்தேன்.