சோற்றுப் பொட்டலம் வரைந்த கட்டம்

செவ்வாய், கோல சிலாங்கூர்

எங்கள் வார இதழின் சித்திரக்கதையில் ஒரு கட்டத்தை நீக்கும்படி மாவட்ட அதிகாரி இன்று நேரிலேயே சொல்லிவிட்டார். கதையின் ஐந்து அதிசய வீரர்களில் பறப்பவனும் மலை தூக்குபவளும் பல வாரங்களாகப் பேசுவதில்லை. அந்தக் கட்டத்தில், காட்டுக்குள் ஒரே சோற்றுப் பொட்டலத்தில் இருவர் கைகளும் இருக்கின்றன. முகங்கள் இல்லை. மலாயாவின் இந்த அவசரகாலத்தில், ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்துவிடும் என்று, காட்டுக்குள் சோறு போகக்கூடாதாம்.

வரைந்த மேரியம்மா சிரித்தார். "பறக்கறதுக்கு பெர்மிட் கேக்கல லா அந்த ஆபீசர்! சோத்த எடுத்துட்டா இதுங்க ரெண்டும் எப்படிங்க ராசியாவும்?"

"பழம் வரையலாமா?" என்றேன்.

"அதையும் திங்கத்தானே செய்வாங்க?"

மாற்றாமலே அச்சுக்கு அனுப்பினேன். அதிகாரிக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதழுக்கு உரிமம் தொடருமா என்பதை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் சொல்வாராம்.